முழங்காலுக்குள் வடம் பிடிப்பவர்கள்

காரைக்குடிப் பக்கம் எந்த சாந்திக் கல்யாணத்துக்குப் போனாலும் பந்திக்குக் காத்திருக்கும் நேரத்தில் முழங்கால் பேச்சு வந்துவிடும். "ஜவ்வு தேஞ்சு போச்சாம்" என்பார் ஒருவர், "எலும்போட எலும்பு உரசுதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு" என்பார் அடுத்தவர், மூன்றாமவர் சிங்கப்பூரிலிருந்து மகன் கொண்டுவந்த கொலாஜன் பவுடரைப் பற்றி ஆரம்பிப்பார், ஆட்டுக்கால் சூப்பை விட்டால் வேறு மருந்தே கிடையாது என்று சாதிக்க ஒருவர் எப்படியும் இருப்பார். இவர்கள் எல்லார் மனதிலும் இருப்பது ஒரே படம்தான்: ரெண்டு எலும்புக்கு நடுவில் ஒரு ரப்பர் துண்டு, வயசானால் அது தேயும், தேய்ந்த இடத்தை எதையாவது போட்டு நிரப்ப வேண்டும்.

அந்தப் படத்தில் விட்டுப்போனது உயிர். குருத்தெலும்புக்குள் செல்கள் இருக்கின்றன. அவை தம்மைச் சுற்றியிருக்கும் புரதங்களைப் பிடித்துக்கொண்டு வாழ்கின்றன. அந்தப் பிடி வழியாகத்தான் வெளியே என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்கின்றன, எதைச் சுரப்பது எதை அழிப்பது என்று முடிவு செய்வதிலும் அந்தப் பிடிக்குப் பெரிய பங்கு இருக்கிறது. இந்தக் கட்டுரை அந்தப் பிடியைப் பற்றியது. பத்தாம் வகுப்பு அறிவியல் ஞாபகம் இருந்தால் போதும், மறந்திருந்தாலும் பரவாயில்லை.

முதலில் அந்த வெள்ளை முனையைப் பாருங்கள்

அடுத்த முறை கோழி வாங்கி வந்தால், சட்டியில் போடுவதற்கு முன் ஒரு கால் துண்டை எடுத்து மூட்டில் பிரித்துப் பாருங்கள். எலும்பின் முனையில் லேசாக நீலம் ஓடிய வெள்ளையில் ஒரு மூடி மாதிரி இருக்கும். விரலால் தேய்த்தால் வழுக்கும். நகத்தால் அழுத்தினால் கொஞ்சம் பதியும், எடுத்ததும் எழும்பிவிடும். பிளேடால் மேலாகச் சீவினால் பாதி ஒளி ஊடுருவுகிற சீவல் வரும், ஆனால் ஒரு சொட்டு ரத்தம் வராது. இதுதான் குருத்தெலும்பு.

நம் முழங்காலிலும் இதே சமாச்சாரம்தான், சுமார் 2 முதல் 4 மில்லிமீட்டர் தடிமனில், எலும்பு முனைகளின் மேலேயே படிந்திருக்கிறது. எலும்புகளுக்கு நடுவே தனியாகப் பிறை வடிவத்தில் இருப்பது மெனிஸ்கஸ், எலும்பையும் எலும்பையும் கட்டி வைத்திருப்பது லிகமென்ட். கல்யாணப் பந்தலில் இந்த மூன்றும் 'ஜவ்வு' என்ற ஒரே கணக்கில் வரவு வைக்கப்படுகின்றன. உங்களுக்குக் கெட்டிருப்பது இதில் எது என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்வது நல்லது, ஏனென்றால் வைத்தியம் வேறு வேறு. இனி நாம் பேசப்போவது எலும்பு முனை மேல் இருக்கும் குருத்தெலும்பைப் பற்றி மட்டும்.

இதில் ரத்தக் குழாய் இல்லை, நரம்பும் இல்லை. நரம்பு இல்லாததால் கெட ஆரம்பிக்கும் காலத்தில் அது சத்தமே போடாது. வலிக்கத் தொடங்குவது பெரும்பாலும் அடியில் இருக்கும் எலும்பிலும் மூட்டைச் சுற்றியிருக்கும் உறையிலும்தான். எடையில் கிட்டத்தட்ட பத்தில் ஏழு பங்கு தண்ணீர். அவ்வளவு தண்ணீர் இருந்தும் ஏன் கொழகொழவென்று இல்லை என்றால், அதைக் கட்டி வைத்திருக்கும் இரண்டு பொருள்களால்.

ஒன்று கொலாஜன், இழை இழையாக ஓடும் உறுதியான புரதம். உடம்பில் பல வகைக் கொலாஜன் உண்டு. குருத்தெலும்பில் பெரும்பாலும் இருப்பது இரண்டாம் வகை. மூன்று புரதச் சங்கிலிகள் ஒன்றோடொன்று முறுக்கிக்கொண்டு ஒரு கொலாஜன் ஆகிறது, அப்படி நிறைய சேர்ந்து வலை ஆகிறது. இன்னொன்று அக்ரிகன், நடுவில் ஒரு புரதத் தண்டு, அதிலிருந்து சுற்றிலும் நூறு வரை சர்க்கரைச் சங்கிலிகள் நீட்டிக்கொண்டிருக்கும். அந்தச் சங்கிலிகள் முழுக்க எதிர்மின்னூட்டம் இருப்பதால் உப்பையும் அதோடு தண்ணீரையும் இழுத்து வைத்துக்கொள்ளும். அக்ரிகன் ஊதிப் பெருக்கப் பார்க்கிறது, கொலாஜன் வலை பெருக விடாமல் பிடிக்கிறது, இந்த இழுபறியில்தான் மூட்டு நம் எடையைத் தாங்குகிறது.

செல்லுக்கு வெளியே, செல்லே சுரந்து வைத்த இந்தப் புரதம், சர்க்கரை, தண்ணீர் எல்லாம் சேர்ந்த பரப்புக்குப் பெயர் மேட்ரிக்ஸ். அதற்குள் அங்கொன்றும் இங்கொன்றுமாக உட்கார்ந்திருக்கும் செல்லுக்குப் பெயர் கான்ட்ரோசைட். பெரியவர்களின் மூட்டுக் குருத்தெலும்பில் மொத்த இடத்தில் நூற்றுக்கு இரண்டு பங்குதான் செல், மிச்சமெல்லாம் மேட்ரிக்ஸ். பக்கத்துச் செல்லைத் தொட்டுப் பேச வாய்ப்பே இல்லாத தூரத்தில் ஒவ்வொன்றும் தனிக் குடித்தனம்.

இதுவரை இவ்வளவுதான்: குருத்தெலும்பு என்பது கொலாஜன் வலைக்குள் அக்ரிகனும் தண்ணீரும் அடைபட்ட மேட்ரிக்ஸ், அதற்குள் அபூர்வமாகச் சில செல்கள். கேள்வி என்னவென்றால், அந்தச் செல்லுக்கும் அந்த மேட்ரிக்ஸுக்கும் என்ன தொடுப்பு?

பசை என்று நினைக்காதீர்கள், வடம் என்று நினையுங்கள்

செல் புரதத்தில் ஒட்டியிருக்கிறது என்று சொன்னால் உடனே பசைதான் மனதுக்கு வரும். தபால் தலை ஒட்டின மாதிரி, ஒட்டினது ஒட்டினதுதான், மேற்கொண்டு ஒன்றும் நடக்காது என்று. அங்கேயே விஷயம் தவறிப்போகிறது.

பிள்ளையார்பட்டி சதுர்த்தித் தேரை நினைத்துக்கொள்ளுங்கள். வடத்தைப் பிடித்திருக்கும் கூட்டத்தில் நீங்களும் ஒருவர். உங்கள் கை வடத்தில் ஒட்டவில்லை, பிடித்திருக்கிறது. வேண்டுமென்றால் விடலாம், நாலடி தள்ளி மறுபடி பிடிக்கலாம். ஒரு கையின் பிடியில் தேர் அசையாது, ஆனால் அத்தனை கையும் ஒரே நேரத்தில் பிடித்தால் அசையும். சும்மா நிற்கும்போது கை தளர்வாக இருக்கும், கூட்டத்தில் குரல் எழும்பியதும் மனசு சொல்லி கை இறுகும். இது உள்ளிருந்து வெளியே போகும் செய்தி. அப்புறம் இன்னொன்று: முன்னால் நிற்கும் ஆட்கள் மறைத்துத் தேர் கண்ணுக்கே தெரியாவிட்டாலும், நகர்கிறதா, சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போட்டுவிட்டார்களா, வடம் தொய்கிறதா என்று உள்ளங்கை சொல்லிவிடும். இது வெளியிலிருந்து உள்ளே வரும் செய்தி.

கான்ட்ரோசைட் மேட்ரிக்ஸைப் பிடித்திருப்பது கிட்டத்தட்ட இப்படித்தான். வடம் என்பது மேட்ரிக்ஸ் புரதம், ஆள் என்பது செல். ஒரு வித்தியாசம், இந்த ஆளுக்கு இரண்டு கை இல்லை, ஆயிரக்கணக்கில் இருக்கின்றன, அதுவும் உடம்பைச் சுற்றி எல்லாப் பக்கமும்.

கையின் பெயர் இன்டெக்ரின்

செல்லைச் சுற்றி ஒரு மெல்லிய கொழுப்புப் படலம் இருக்கிறது, செல் சவ்வு என்போம். அந்தச் சவ்வை ஊடுருவி, பெரும்பகுதி வெளியேயும் சின்ன வால் உள்ளேயுமாக நிற்கும் ஒரு புரதக் குடும்பம்தான் இன்டெக்ரின். மேட்ரிக்ஸைப் பிடிக்கும் கை இதுதான். 1986-ல் இந்தப் பெயரை வைத்தது அமெரிக்காவின் எம்ஐடியில் இருந்த ரிச்சர்ட் ஹைன்ஸின் குழு. இந்தக் குடும்பத்தைக் கண்டுபிடித்ததற்காக அவருக்கும் எர்க்கி ரூஸ்லாட்டி, திமோத்தி ஸ்பிரிங்கர் இருவருக்கும் சேர்த்து 2022-ல் லாஸ்கர் விருது கொடுத்தார்கள். மருத்துவத்தில் நோபலுக்கு அடுத்தபடியாகப் பேசப்படும் விருது அது.

ஒவ்வொரு இன்டெக்ரினும் இரண்டு துண்டு சேர்ந்த ஜோடி, ஒன்று ஆல்ஃபா, ஒன்று பீட்டா. மனித உடம்பில் 18 ஆல்ஃபா, 8 பீட்டா இருக்கின்றன. அவை சேர்ந்து 24 ஜோடிகள். எந்த ஆல்ஃபா எந்தப் பீட்டாவோடு சேர்கிறது என்பதைப் பொறுத்து எதைப் பிடிக்கும் என்பது மாறும். பெயர் வைப்பதிலும் பெரிய கற்பனையெல்லாம் இல்லை: ஆல்ஃபா-5 பீட்டா-1, ஆல்ஃபா-10 பீட்டா-1 என்று எண் போட்டு முடித்துவிட்டார்கள்.

இப்போது ஒரு இன்டெக்ரினைப் பக்கத்தில் போய்ப் பார்ப்போம். நிமிர்ந்து நின்றால் 20 நானோமீட்டர் சொச்சம், அதாவது ஒரு மில்லிமீட்டருக்குள் ஐம்பதாயிரத்தை வரிசையாக அடுக்கிவிடலாம். மேலே ஒரு தலை, அதிலிருந்து இரண்டு கால்கள் இறங்கிச் சவ்வைத் துளைத்து உள்ளே போகின்றன. வேலை இல்லாத நேரத்தில் அது நிமிர்ந்து நிற்பதில்லை. இடுப்பு ஒடிந்த மாதிரி மடங்கி, தலையைச் சவ்வின் பக்கம் கவிழ்த்துக்கொண்டு கிடக்கும். அந்த நிலையில் வெளியே வடம் உரசிக்கொண்டு கிடந்தாலும் பிடி சரியாக விழாது.

அதை எழுப்புவது செல்லுக்குள்ளே இருக்கும் டேலின் என்ற புரதம். டேலின் வந்து பீட்டாவின் வாலைப் பிடித்ததும், சேர்ந்திருந்த இரண்டு கால்களும் விலகும், அந்த அசைவு மேலேறி, மடங்கிக் கிடந்த உடல் நிமிர்ந்து, தலை திறந்துகொள்ளும். இப்போது பிடிக்கலாம். தலையின் பிடிக்கும் இடத்தில் ஒரு மெக்னீசிய அயனி உட்கார்ந்திருக்கும். மேட்ரிக்ஸ் புரதத்தின் எதிர்மின்னூட்டம் உள்ள ஒரு மூலையை அது பற்றிக்கொள்ளும். ஆய்வகத்தில் இந்த மாதிரி அயனிகளை உறிஞ்சி எடுத்துவிட்டால் செல்கள் பிடியை விட்டுவிடுவதைப் பார்க்கலாம்.

டேலினின் இன்னொரு முனை ஆக்டின் என்ற இழைகளைப் பிடித்திருக்கும். செல் தன் வடிவத்தைத் தாங்கிக்கொள்வதற்கும் இழுப்பதற்கும் உள்ளே ஓடும் இழைகள்தான் ஆக்டின். ஆக, வெளியே கொலாஜன், அதைப் பிடித்த இன்டெக்ரின், அதன் வாலில் டேலின், அதற்குப் பின் ஆக்டின் என்று மூட்டின் மேட்ரிக்ஸிலிருந்து செல்லின் உட்பகுதி வரை தொடர் விட்டுப்போகாமல் ஓடுகிறது. நீங்கள் ஒரு படி ஏறும்போது மேட்ரிக்ஸ் அமுங்கினால் அந்த இழுப்பு இந்தத் தொடர் வழியாக உள்ளே வந்து, வாலைச் சுற்றிக் கூடியிருக்கும் வேறு புரதங்களைத் தட்டி எழுப்பி, கடைசியில் எந்த மரபணு வேலை செய்ய வேண்டும் என்பது வரைக்கும் போகும்.

தனி இன்டெக்ரினின் பிடி பலவீனம் என்பதையும் சொல்லியாக வேண்டும். சீக்கிரம் விட்டுவிடும், மறுபடி பிடிக்கும். பலம் எண்ணிக்கையில் வருகிறது. பக்கத்துப் பக்கத்தில் பல இன்டெக்ரின்கள் கூடி ஒரே இழையைப் பிடிக்கும்போது, ஒன்று விட்ட நேரத்தில் மற்றது பிடித்திருக்கும்.

சுருக்கமாக: இன்டெக்ரின் என்பது சவ்வை ஊடுருவி நிற்கும் கை, உள்ளே டேலின் தொட்டால் நிமிர்ந்து பிடிக்கும், பிடித்தபின் வெளியே நடப்பதை உள்ளே சொல்லும்.

மூன்று எழுத்து அடையாளமும் சுருட்டை விரியனும்

மேட்ரிக்ஸில் எத்தனையோ புரதங்கள். எங்கே பிடிப்பது என்று கைக்கு எப்படித் தெரியும்?

இதற்கு முதல் விடை ஃபைப்ரோநெக்டின் என்ற புரதத்திலிருந்து வந்தது. ரத்தத்திலும் திசுக்களிலும் இருக்கும் பெரிய புரதம் அது, செல்கள் பிடித்துக்கொள்ள வசதியானது. புரதம் என்றால் அமினோ அமிலங்கள் வரிசையாகக் கோர்த்த சங்கிலி. ஃபைப்ரோநெக்டினின் ஒரு சங்கிலியில் இரண்டாயிரத்துக்கும் மேல் இருக்கின்றன. 1984-ல் மைக்கேல் பியர்ஷ்பாக்கரும் எர்க்கி ரூஸ்லாட்டியும் அதை வெட்டிச் சுருக்கிச் சுருக்கிக்கொண்டே போய், செல் பிடிக்க அடிப்படையாக வேண்டியது மூன்றே அமினோ அமிலங்கள் என்று காட்டினார்கள்: ஆர்ஜினின், கிளைசின், அஸ்பார்டிக் அமிலம். ஒவ்வொன்றுக்கும் ஓர் எழுத்து வைத்து ஆர்ஜிடி என்று சொல்வார்கள். மெக்னீசியம் பற்றிக்கொள்ளும் மூலை என்று மேலே சொன்னேனே, அது இந்த மூன்றில் கடைசியாக வரும் அஸ்பார்டிக் அமிலம்தான்.

இது வெறும் ஏட்டுச் சமாச்சாரம் இல்லை என்பதற்கு நம் செம்மண் காட்டிலேயே சாட்சி இருக்கிறது. வறண்ட தரையில், கல் இடுக்கில் சுருண்டு கிடந்து, தொந்தரவு செய்தால் உடம்பைத் தானே உரசி 'சர்ர்ர்' என்று சத்தம் எழுப்பும் சுருட்டை விரியனைத் தெரியுமல்லவா? அதன் விஷத்தில் இருக்கும் பல பொருள்களில் ஒன்று எக்கிஸ்டாட்டின் என்ற குட்டிப் புரதம். 49 அமினோ அமிலம்தான், ஆனால் நடுவில் இந்த ஆர்ஜிடி துருத்திக்கொண்டிருக்கும். ரத்தத் தட்டணுக்கள் ஒன்றோடொன்று சேர்ந்து அடைப்பதற்கும் ஒரு இன்டெக்ரின்தான் கை; எக்கிஸ்டாட்டின் அந்தக் கைக்குள் போய்ப் புகுந்துகொண்டால் தட்டணுக்களால் சேர முடியாது. (கடிபட்டவருக்கு ரத்தம் நிற்காமல் போவதற்கு அந்த விஷத்தில் வேறு பெரிய காரணங்களும் இருக்கின்றன.) இந்தப் புரதத்தைப் பார்த்து வடிவமைத்த மருந்துதான் டைரோஃபிபான், மாரடைப்பு நேரத்தில் ரத்தக் கட்டி பெரிதாகாமல் இருக்க ஊசியில் கொடுப்பது. விரியனைக் கண்டால் கம்பைத் தேடாமல் ஒதுங்கிப் போவதற்கு இன்னொரு காரணம் கிடைத்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கொலாஜன் விஷயம் வேறு. அதைப் பிடிக்கும் இன்டெக்ரின்கள் ஆர்ஜிடியைத் தேடுவதில்லை. மூன்று சங்கிலியும் சரியாக முறுக்கியிருக்கும்போது வெளிப்பக்கம் தெரியும் வேறு ஒரு வரிசையைத்தான் அவை பிடிக்கின்றன. முறுக்குப் பிரிந்துவிட்டால் அந்த அடையாளமும் கலைந்துவிடும். இந்தத் தகவலைக் கொஞ்சம் ஓரமாக வைத்துக்கொள்ளுங்கள், சூப்பு விஷயத்தில் தேவைப்படும்.

முழங்காலில் எந்தக் கை எதைப் பிடிக்கிறது

கான்ட்ரோசைட்டில் பல வகை இன்டெக்ரின்கள் இருக்கின்றன. மூன்றை மட்டும் தெரிந்துகொண்டால் போதும். ஃபைப்ரோநெக்டினைப் பிடிப்பது ஆல்ஃபா-5 பீட்டா-1. இரண்டாம் வகைக் கொலாஜனைப் பிடிப்பதில் முக்கியமானது ஆல்ஃபா-10 பீட்டா-1; 1998-ல் கான்ட்ரோசைட்டிலிருந்தே கண்டுபிடித்தது, குருத்தெலும்பில்தான் அதிகம். ஆல்ஃபா-1 பீட்டா-1க்கு ஆறாம் வகைக் கொலாஜன் பிடித்தமானது.

ஆறாம் வகை எங்கிருந்து வந்தது என்று கேட்கலாம். செல்லை ஒட்டி, அதைச் சுற்றிச் சில மைக்ரான் அகலத்துக்கு, மேட்ரிக்ஸ் கொஞ்சம் வேறு மாதிரி இருக்கும். ஆறாம் வகைக் கொலாஜன் நுண்ணிய வலையாகச் சுற்றியிருப்பது அங்கேதான். தடித்த இரண்டாம் வகை இழைகள் பெரும்பாலும் அதற்கு வெளியே. ஆக, செல் நேரடியாகப் பிடித்திருப்பது பெரும்பாலும் இந்த நெருங்கிய வட்டத்தை, அந்த வட்டம் வெளி வலையோடு இணைந்திருக்கிறது. செல்லையும் இந்த வட்டத்தையும் சேர்த்து கான்ட்ரான் என்பார்கள், மேட்ரிக்ஸிலிருந்து அப்படியே ஒரு உருண்டையாகப் பிரித்தெடுக்கக்கூட முடியும்.

இன்டெக்ரின் அல்லாத கைகளும் உண்டு. சிடி44 என்ற புரதம் ஹயலுரோனிக் அமிலத்தைப் பிடித்துக்கொள்ளும். இது முகத்துக்குப் பூசும் சீரத்தில் இப்போது பெயர் அடிபடுகிற அதே நீண்ட சர்க்கரைச் சங்கிலிதான். அந்தச் சங்கிலியில்தான் அக்ரிகன்கள் வரிசையாகத் தொற்றியிருக்கும், எனவே சிடி44 ஒரு முனையைப் பிடித்தால் பின்னால் ஒரு கூட்டமே வருகிறது.

ஒரு கை குறைந்தால் என்ன ஆகும் என்பதற்கு நாய்கள் சாட்சி. நார்வீஜியன் எல்க்ஹவுண்ட், கரேலியன் கரடி நாய் என்ற இரண்டு வடக்கு நாட்டு இனங்களில் சில குட்டிகள் குட்டைக் காலோடு பிறக்கின்றன. ஆல்ஃபா-10 மரபணுவில் ஏற்பட்ட ஒரு மாற்றத்தால் அந்தப் புரதம் பாதியிலேயே நின்றுபோவதுதான் காரணம் என்று 2013-ல் கண்டுபிடித்தார்கள். குட்டியின் கால் எலும்பு நீளுவதே முனையில் இருக்கும் குருத்தெலும்புச் செல்கள் வரிசை கட்டி அடுக்காக நின்று பெருகுவதால்தான். பிடிமானம் சரியில்லாத செல்களால் ஒழுங்காக வரிசை கட்ட முடியவில்லை. எலிகளில் குருத்தெலும்பிலிருந்து பீட்டா-1ஐயே மொத்தமாக நீக்கிப் பார்த்தபோது இதைவிட மோசமான விளைவு வந்தது.

பிடி தவறினால்

பெரும்பாலான திசுக்களில், பிடிமானம் இழந்த செல் தானாகவே செத்துப்போகும். அடிபட்டதால் சாவதில்லை, பிடிக்க ஒன்றும் இல்லை என்ற செய்தி உள்ளே போனதும் அதுவே ஒழுங்காகத் தன்னை முடித்துக்கொள்ளும். இடம் மாறிப்போன செல் கண்ட இடத்தில் குடியேறாமல் இருக்க உடம்பு வைத்திருக்கும் ஏற்பாடு இது. கான்ட்ரோசைட்டிலும் இன்டெக்ரின் பிடியைத் தடுத்தால் இறப்பு கூடுவதை ஆய்வகங்களில் பார்த்திருக்கிறார்கள்.

சாகாமல் ஆள் மாறிப்போவதும் உண்டு, எனக்கு அதுதான் இந்தக் கதையிலேயே ரொம்பப் பிடித்த இடம். கான்ட்ரோசைட்டை மேட்ரிக்ஸிலிருந்து பிரித்து, பிளாஸ்டிக் தட்டில் வளர்த்தால், உருண்டையாக இருந்தது தட்டையாகப் பரந்து, தட்டின் மேல் பெரிய பெரிய பிடிகளாகப் போட்டுக்கொள்ளும். கொஞ்ச நாளில் இரண்டாம் வகைக் கொலாஜன் சுரப்பதை நிறுத்திவிட்டு, தோலிலும் தழும்பிலும் இருக்கும் முதல் வகைக் கொலாஜனைச் சுரக்க ஆரம்பிக்கும். மரபணுவில் ஒரு எழுத்தும் மாறவில்லை, பிடித்த இடம் மட்டும் மாறியிருக்கிறது. 1982-ல் பென்யாவும் ஷாஃபரும் இப்படித் தடம் மாறிய செல்களை எடுத்து, அகரோஸ் என்ற மென்மையான ஜெல்லுக்குள் வைத்தார்கள். செல்கள் மறுபடி உருண்டை ஆயின, மறுபடி இரண்டாம் வகைக் கொலாஜனைச் சுரந்தன.

1994-ல் சுவீடனில் நோயாளியின் சொந்தக் குருத்தெலும்புச் செல்களை எடுத்துப் பெருக்கி மறுபடி முழங்காலில் வைக்கும் சிகிச்சை வந்தபோதும், இன்றுவரை அதை மேம்படுத்தும்போதும், மருத்துவர்களுக்கு இது ஒரு நிரந்தரத் தலைவலி. பெருக்குவதற்குத் தட்டு வேண்டும், தட்டில் வைத்தால் செல் மாறிவிடும்.

வடமே அறுந்தால்

இப்போது கல்யாணப் பந்தலின் 'தேய்மானத்துக்கு' வருவோம். வயது, எடை, பழைய காயம், பரம்பரை எல்லாம் சேர்ந்து மேட்ரிக்ஸில் சேதம் ஆரம்பிக்கிறது. அதுவரை உராய்வுக் கதை சரிதான். ஆனால் அதன்பின் நடப்பதில் செல்லே பங்காளி.

ஃபைப்ரோநெக்டினை எடுத்துக்கொள்ளுங்கள். முழுதாக இருக்கும்போது அது சாது. அது நொதிகளால் வெட்டுப்பட்டுத் துண்டானால், அந்தத் துண்டுகள் கான்ட்ரோசைட்டின் பிடியில் மாட்டி வேறு செய்தி சொல்கின்றன. 1990களின் தொடக்கத்திலிருந்து திரும்பத் திரும்பப் பார்த்த விஷயம் இது: முழு ஃபைப்ரோநெக்டினைக் குருத்தெலும்புத் துண்டுகளின் மேல் விட்டால் பெரிதாக ஒன்றும் ஆவதில்லை, துண்டுகளை விட்டால் செல்கள் அக்ரிகன் சுரப்பைக் குறைத்து, மேட்ரிக்ஸை வெட்டும் நொதிகளைச் சுரக்கத் தொடங்குகின்றன. கையில் இருக்கும் வடம் திடீரென்று தொய்ந்தால் எங்கோ அறுந்துவிட்டது என்று தெரிகிற மாதிரி செல்லுக்கும் தெரிகிறது, அது பழுது பார்க்கத்தான் இறங்குகிறது, பழைய சேதத்தை வெட்டி அகற்றினால்தானே புதிதாகக் கட்ட முடியும். சிக்கல் என்னவென்றால் வெட்டும் நொதி புதிய துண்டுகளை உண்டாக்குகிறது, அந்தத் துண்டுகள் மறுபடி அதே செய்தியைச் சொல்கின்றன. சுற்று நிற்பதில்லை.

இரண்டாம் வகைக் கொலாஜனிடமும் இப்படி ஒரு பொறி உண்டு. கான்ட்ரோசைட்டில் டிடிஆர்2 என்று ஒரு கை இருக்கிறது, அது இந்தக் கொலாஜனைத் தொட்டால் கொலாஜனை வெட்டும் நொதியைச் சுரக்கச் சொல்லும். நல்ல மூட்டில் அந்த ஆறாம் வகை வட்டம் நடுவில் இருப்பதால் தொட வாய்ப்பு குறைவு. வட்டம் சிதைந்தால் இரண்டும் நேருக்கு நேர் வந்துவிடும்.

இந்த இடத்தில் நிறுத்திக் கோர்த்துக்கொள்ளலாம்: மூட்டு கெடுவதில் ஒரு பாதி உராய்வு, இன்னொரு பாதி செல்கள் தம் பிடி வழியாக உடைந்த செய்தியைக் கேட்டுத் தாமே வெட்டுவது.

சூப்பு, பவுடர், நடை

எங்கள் தெரு ஆச்சி ஒருவர், முகப்புப் படியில் கையை ஊன்றி இறங்கிக்கொண்டே கேட்டார். "தம்பி, ஆட்டுக்கால் சூப்பு நித்தம் குடிச்சா ஜவ்வு ஊறிரும்ங்கிறாகளே, நெசமா?"

"சூப்பு நல்லதுதான் ஆச்சி, குடிங்க. ஆனா அது நேரா முட்டிக்குப் போகாது."

"பின்ன எங்க போகுது?"

குடலுக்குத்தான். கொதிக்க வைத்ததிலேயே கொலாஜனின் முறுக்குப் பிரிந்து ஜெலட்டின் ஆகிவிடுகிறது, ஆறினால் சூப்பு உறைவது அதனால்தான். மேலே ஓரமாக வைக்கச் சொன்ன தகவல் இங்கே வருகிறது: முறுக்கு போனதும் இன்டெக்ரின் தேடும் அடையாளமும் போயிற்று. அப்புறம் குடலில் அது அமினோ அமிலங்களாகவும் சின்னத் துண்டுகளாகவும் உடைந்துவிடும். பவுடர் ஏற்கெனவே உடைத்துத்தான் வருகிறது. இதையெல்லாம் உடம்பு தனக்கு வேண்டிய இடத்தில் செலவழிக்கும். கான்ட்ரோசைட் தன் மேட்ரிக்ஸைத் தானே சுரந்தாக வேண்டும், வெளியிலிருந்து கொண்டுபோய் ஓட்டையில் அடைக்க வழி இல்லை. போதாததற்கு, வளர்ந்தவர்களின் குருத்தெலும்புக் கொலாஜன் அநேகமாகப் புதுப்பிக்கப்படுவதே இல்லை என்று 2016-ல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது, 1950, 60களின் அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் கூடிய கார்பன்-14ஐ வைத்துக் கணக்குப் பார்த்து. இளமையில் கட்டிய வலைதான் ஆயுசுக்கும்.

நடை விஷயம் அப்படி இல்லை. ரத்தக் குழாய் இல்லாத இடத்துக்குச் சாப்பாடு மூட்டுத் திரவத்திலிருந்து ஊறித்தான் வர வேண்டும், அமுங்கி விரிவது அதற்கு உதவுகிறது. அதோடு ஒவ்வொரு அடியிலும் மேட்ரிக்ஸ் அமுங்கும்போது இன்டெக்ரின் தொடரிலும் சவ்வில் இருக்கும் வேறு உணர்விகளிலும் இழுப்பு ஏற்படுகிறது. அளவான இந்த ஏற்ற இறக்கம் கான்ட்ரோசைட்டுக்கு வேலை நடக்கட்டும் என்ற செய்தி. முதுகுத்தண்டு அடிபட்டுக் கால் அசையாமல் போனவர்களுக்கு முழங்கால் குருத்தெலும்பு மெலிந்துபோவதை ஸ்கேனில் அளந்திருக்கிறார்கள். தேய்ந்துவிடுமோ என்று பயந்து முட்டிக்கு முழு ஓய்வு கொடுப்பவர்கள் இதை யோசிக்கலாம். எவ்வளவு நடப்பது என்பதை, ஏற்கெனவே வலி இருந்தால், உங்கள் டாக்டரும் பிசியோதெரபிஸ்ட்டும்தான் சொல்ல வேண்டும்.

ஆச்சி இதையெல்லாம் கேட்டுவிட்டு, சூப்பையும் விடப்போவதில்லை, கோயிலுக்கு நடப்பதையும் விடப்போவதில்லை என்று சொல்லிவிட்டார். அந்த முடிவில் எனக்கு ஆட்சேபணை இல்லை.

பிடி கூடினால் நல்லதுதானே?

இவ்வளவும் படித்தவருக்கு ஒரு யோசனை வரும். ஆர்ஜிடியை ஜெல்லில் நிறையக் கலந்து, அதற்குள் செல்களை வைத்து, முட்டியில் போட்டால் குருத்தெலும்பு வளராதா?

ஆராய்ச்சியாளர்களுக்கும் அதே யோசனை வந்தது. எலும்பு மஜ்ஜையிலிருந்து எடுத்த ஸ்டெம் செல்களை, அதாவது இன்னும் எந்த வேலைக்கும் தீர்மானமாகாத செல்களை, கான்ட்ரோசைட்டாக மாற்றுவதற்கு ஆர்ஜிடி சேர்த்த ஜெல்லில் வைத்துப் பார்த்தார்கள். ஆரம்பத்தில் உயிரோடு இருக்க அது உதவியது. ஆனால் தொடர்ந்து பிடித்துக்கொண்டே இருந்தால் குருத்தெலும்பாக மாறுவது தடைபட்டது. கருவில் நடப்பதும் இதேதான்: குருத்தெலும்பு உருவாகும் தொடக்கத்தில் செல்களைச் சுற்றி ஃபைப்ரோநெக்டின் நிறைய இருக்கும், பிறகு குறையும். பிடிக்க வேண்டிய காலத்தில் பிடித்து, விட வேண்டிய காலத்தில் விட்டால்தான் அடுத்த கட்டத்துக்குப் போகிறது.

அதனால் கொலராடோ பல்கலைக்கழகத்தில் கிறிஸ்டி ஆன்செத்தின் குழு, 2009-ல் வெளியிட்ட ஓர் ஆய்வில், வெளிச்சம் பட்டால் அறுந்துபோகும் கண்ணியில் ஆர்ஜிடியைக் கட்டி ஜெல்லுக்குள் வைத்தது. முதல் பத்து நாள் செல்கள் அதைப் பிடித்துக்கொண்டிருந்தன. பத்தாம் நாள் விளக்கைப் போட்டு ஆர்ஜிடியைக் கழற்றிவிட்டார்கள். கழற்றாமல் விட்ட ஜெல்லில் இருந்தவற்றைவிட இந்தச் செல்கள் குருத்தெலும்புக்கு உரிய பொருள்களை அதிகமாகச் சுரந்தன.